சுமங்கலித் திட்டம்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாலைகளில் 1990களின் பிற்பகுதி முதல் பரவிய ஆள்சேர்ப்பு முறை. ‘திருமகள் திருமணத் திட்டம்’, ‘கேம்ப் கூலி’ என்ற பெயர்களும் உண்டு. பெயர்தான் திட்டம், அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தரகர்கள் தென்மாவட்டத்து வானம் பார்த்த ஊர்களில் பெற்றோரை அணுகுவார்கள். மகள் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். சேர்ந்தவர்களில் பலருக்கு 18 வயது நிரம்பவில்லை. அந்தத் தொகையும் பெரும்பாலும் அவர்களுடைய கூலியில் பிடித்துவைத்ததே. இடையில் விலகினால் அது கைக்கு வராமல் போவதுண்டு.

பெற்றோரே சம்மதித்தார்கள் என்ற வாதம் சட்டத்தின்முன் வலுவற்றது. பிள்ளையின் உழைப்பை அடகுவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஆங்கிலேயர் காலத்திலேயே, 1933இல், சட்டம் வந்தது. மீறும் பெற்றோருக்கு 50 ரூபாய், முதலாளிக்கு 200 ரூபாய்வரை அபராதம் என்றது. ஆனால் அது 15 வயதுக்குட்பட்டோரை மட்டுமே காத்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் (1976) வயது பார்ப்பதில்லை.

இளைஞர் நீதிச் சட்டப்படி (2015), ஆலையிலிருந்து மீட்கப்படும் சிறுமியை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். குழந்தைகள் இல்லத்துக்கா, வீட்டுக்கா என்று குழு முடிவுசெய்யும். குடும்பத்தோடு சேர்ப்பதே சட்டம் விரும்பும் வழி. சிக்கலும் அங்கேதான்: அவளை அனுப்பிவைத்த கல்யாணச் செலவுக் கவலை வீட்டில் அப்படியே இருக்கும்.

தமிழக அரசும் கல்யாணச் செலவுக்குக் கைகொடுத்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி பள்ளிப் படிப்பை நிபந்தனையாக்கியது. 2022இல் அது உயர்கல்விக்கான மாதம் 1,000 ரூபாய் உதவியாக மாறியது.