மாதவிலக்கு நின்றபின்: ஒரு மருந்தின் வரலாறு

பெண்ணின் வாழ்வில் மாதவிலக்கு நிற்பது நோயன்று, இயற்கையின் நியதியே. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதளவில் நேர்கின்றது. அதையொட்டி உடலெங்கும் திடீரெனப் பரவும் வெப்பமும், இரவு வியர்வையும், உறக்கக் கேடும், பின்னாளில் எலும்பின் வலுக்குறைவும் வரக்கூடும். ‘வயதானால் அப்படித்தான்’ என்று நம் பாட்டிமார் அவற்றை வாய்திறவாது பொறுத்தனர். அப்பொறுமைக்கு மாற்றாக அறிவியல் ஒரு மருந்தை அளித்தது. அம்மருந்தை உலகம் முதலில் அளவுக்கு மீறி நம்பிற்று. பின்னர் அளவுக்கு மீறி அஞ்சிற்று. இவ்விரு பிழைகளும் எவ்வாறு நேர்ந்தன என்பதே இங்கு நாம் காணும் வரலாறு.

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்டும் தனித்தனியே முயன்று, கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இனத்தைச் சேர்ந்தது அது. மாதவிலக்கு நிற்கும்போது இச்சுரப்பு மிகவும் குன்றிவிடுகின்றது. அக்குறைவே முதிய பெண்டிரின் எலும்பை நலிவிக்கின்றது என்று 1941-இல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் அமெரிக்காவில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

குறைந்ததை ஈடுசெய்தால் இளமை நிலைக்கும் என்ற ஆசை எளிதில் பிறந்தது. 1966-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய நூலொன்று, மாதவிலக்கு நிற்பதையே மருந்தால் தீர்க்கத்தக்க குறைபாட்டு நோய் என்று முழங்கிற்று. 1975-இல் முதல் எச்சரிக்கை வந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களிடம் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் மிகுந்திருந்தது. புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சேர்த்தளித்து மருத்துவர்கள் அவ்வாபத்தைத் தடுத்தனர். இதற்கிடையே, மாத்திரை உண்டவர்களுக்கு இதய நோய் குறைவு என்ற கணக்குகளும் வெளிவந்தன. ஆனால் அவர்கள் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடல்நலம் பேணும் பழக்கமும் உடையவர்கள். நன்மை மாத்திரையால் வந்ததா, வாழ்க்கை முறையால் வந்ததா?

இவ்வையத்தைத் தீர்க்க, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் முதற்பெண் தலைவரான பெர்னடீன் ஹீலி 1991-இல் ஒரு பேராய்வுக்கு வழிவகுத்தார். அதன் ஒரு பகுதியில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் அளித்தனர். 2002-இல் இப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு மருந்துண்டால் மார்புப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், இதய நோய் 7 பேருக்கும் கூடுதலாக வருவதும், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவதும் புலனாயின. செய்தி பரவியதும் எண்ணற்ற பெண்கள் மருந்தைக் கைவிட்டனர். ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கருதவில்லை. 50 வயதில் துன்புறும் பெண்ணுக்கும் அக்கணக்கையே அப்படியே பொருத்தினர்.

ஒரே மருந்து எலும்புக்கு நன்மையும் மார்புக்குத் தீமையும் செய்வது ஏன்? விடை உயிரணுவினுள் இருந்தது. 1950-களின் இறுதியில் சிக்காகோவில் ஆராய்ச்சி தொடங்கிய எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ‘ஏற்பி’ என்னும் புரதம் சில உறுப்புகளில் உண்டென்று காட்டினார். ஹார்மோன் சாவியெனில் ஏற்பி பூட்டு. அதன் மரபணுவின் அமைப்பு 1986-இல் வெளியாயிற்று. அம்மரபணு பழுதுற்ற 28 வயது ஆடவர் ஒருவரைப் பற்றிய அறிக்கை 1994-இல் வந்தது. அவ்வயதிலும் அவர் உயரம் வளர்ந்துகொண்டே இருந்தது; எலும்போ நலிந்திருந்தது. அவர் குருதியில் ஈஸ்ட்ரோஜனுக்குக் குறைவில்லை, பூட்டுத்தான் பழுது. 1996-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இரண்டாவது ஏற்பியையும் கண்டனர். உறுப்புக்கு உறுப்பு ஏற்பிகளும் அவற்றின் துணைப் புரதங்களும் வேறுபடுவதால், ஒரே சாவி வெவ்வேறு கதவுகளைத் திறக்கின்றது.

மாதவிலக்கு நிற்கும் வயதிலும் மரபுக்குப் பங்குண்டு. ஏறத்தாழ 2,00,000 பெண்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, அவ்வயதோடு தொடர்புடைய 290 மரபுக் கூறுகளை 2021-இல் அறிவித்தது. அப்பெண்கள் ஐரோப்பிய மரபினர். அம்முடிவுகளை நம் பெண்டிர்க்கு அப்படியே பொருத்துதல் முன்னைய பிழையையே மீண்டும் செய்வதாகும்.

இன்றைய மருத்துவ நெறி நடுநிலையானது. 60 வயது நிரம்பாதவரும், மாதவிலக்கு நின்று 10 ஆண்டு கடவாதவரும் வெப்பத்தாலும் உறக்கமின்மையாலும் மிகவும் துன்புற்றால், வேறு தடை இல்லாதவிடத்து, மருந்தின் நன்மை பெரும்பாலும் தீமையினும் மிகுதி. மார்புப் புற்றுநோய் கண்டவர்க்கு இதனைப் பொதுவாக அளிப்பதில்லை. ஆகவே மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்பார். தாய்க்கு எவ்வயதில் மாதவிலக்கு நின்றது? உறவினருள் யார்க்கேனும் மார்புப் புற்றுநோய் வந்ததா? எலும்பு முறிந்ததா? ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம் பெண்கள் பலர் இவ்வினாக்களுக்கு விடையறியார், கேட்கவும் கூசுவர். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது தாயிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு அறிந்து வருதல் நன்று. பாட்டிமார் பேசாது பொறுத்ததை நாம் பேசித் தெளிதல் வேண்டும்.