அம்பாசமுத்திரம் சொப்பும் லண்டன் கடைசல் எந்திரமும்

சாரல் சீசனில் மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருபவர்கள், குழந்தைகளுக்கு மரச் சொப்பு வாங்காமல் திரும்புவது கஷ்டம்தான். அம்மி, உலக்கை, குடம், அடுப்பு என்று ஒரு முழுச் சமையலறையே அதில் இருக்கும். இந்தச் சொப்புக்குப் பேர் போன ஊர், தென்காசியிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள அம்பாசமுத்திரம்.

சொப்பு செய்யும் தொழிலுக்குக் கடைசல் என்று பெயர். பழைய பட்டறைக்கு இரண்டு பேர் வேண்டும். மஞ்சள் கடம்பு மரத்துண்டு சுழல்வதற்கு ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். உருவம் வந்ததும் சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். தூரிகைக்கு வேலையே இல்லை!

இதே கடைசல் இங்கிலாந்தில் பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்த ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பம் 1790-களில் லண்டனில் கடைசல் எந்திரம் செய்யத் தொடங்கியது. இவற்றில் வேடிக்கை என்னவென்றால், அலங்காரம் செதுக்கும்போது பொருள் சுழலாது. சிறு வெட்டுக்கத்திதான் சுழலும். துளைகள் போட்ட ஒரு தகட்டைப் பார்த்து, பொருளை அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். பூவிதழ் போன்ற கோலங்கள் தந்தத்திலும் கருமரத்திலும் விழும். கத்திகளும் துணைக்கருவிகளும் இழுப்பறை இழுப்பறையாக இருக்கும். தந்தத்துக்கு எத்தனை யானைகள் செத்தன என்பது அந்தக் கனவான்களின் கணக்கில் வராத விஷயம்.

சார்ல்ஸ் ஹோல்ட்சாப்ஃபெல் 1843-ல் ஆரம்பித்த கடைசல் நூல் வரிசையில், ஐந்தாம் பாகத்தை 1884-ல் அவர் மகன் வெளியிட்டார். 1948-ல் லண்டனில் அலங்காரக் கடைசல்காரர்களுக்கென்று சங்கமே ஏற்பட்டது. அந்தப் பழைய எந்திரங்கள் இன்றும் ஏலத்தில் நல்ல விலை போகின்றன.

அம்பாசமுத்திரத்தில் அப்படி நடக்கவில்லை. இங்கே தொழில் அப்பா கையிலிருந்து பிள்ளை கைக்குப் போனது. மோட்டார் வந்ததும் கயிறு இழுத்தவருக்கு வேலை போயிற்று, கயிற்றுப் பட்டறையும் ஓரங்கட்டப்பட்டது. மஞ்சள் கடம்பு கிடைப்பது அரிதாகி வேறு மரங்கள் வந்தன. பிளாஸ்டிக் சொப்பு விலையில் அடித்தது. அரக்குக் குச்சியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை மட்டும் மோட்டார் சொல்லித் தராது. அதை இன்றும் கைதான் பார்த்துக்கொள்கிறது.