வைரமுத்து

வைரமுத்து (பிறப்பு: 13 சூலை 1953) தேனி மாவட்டத்தைச் சேர்ந்த தமிழ்க் கவிஞரும் நாவலாசிரியரும் திரைப்பாடலாசிரியரும் ஆவார். 1972 முதல் கவிதை நூல்களும் 1980 முதல் திரைப்பாடல்களும் எழுதிவரும் இவர், திரைப்பாடலுக்கான தேசிய விருதை ஏழு முறையும், ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலுக்காக 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றவர். பெரும்பாலோர் இவரைப் பாடலாசிரியராகவே அறிவர். எனினும் வைகை அணையால் இடம்பெயர்ந்த சிற்றூர் மக்களின் வாழ்வை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே பதிவு செய்த நாவலாசிரியர் என்ற முறையில்தான் இவருடைய பங்களிப்பு தனித்து மதிப்பிடத்தக்கது.

பிறப்பும் இடப்பெயர்வும்

வைரமுத்து ராமசாமி – அங்கம்மாள் இணையரின் மகனாக, அன்றைய மதுரை மாவட்டத்தில் வைகையாற்றை ஒட்டியிருந்த மெட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். காவிரியின் குறுக்கே அணை அமைந்துள்ள சேலம் மாவட்டத்து மேட்டூர் வேறு. இது ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தில், அதாவது மழையை மட்டும் நம்பி வெள்ளாமை செய்யும் புஞ்சைக்காட்டில், கள்ளியும் கருவேலும் சூழ்ந்திருந்த ஊர். 1950களின் பிற்பகுதியில் வைகை அணை எழுந்தபோது அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வந்த ஊர்களுள் மெட்டூரும் ஒன்றாதலால், அங்கிருந்த குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறின. வைரமுத்துவின் குடும்பம் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் குடியேறியது. அணை 1959 சனவரியில் திறக்கப்பட்டது.

இந்த இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள இப்பகுதியின் நீர்வழியை அறிந்திருத்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றின் நீர், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை இருபோகம் விளையும் நன்செய்யாக மாற்றியபின் வைகையில் சேர்கிறது. அந்த நீரையும் வைகையின் இயல்பான வெள்ளத்தையும் தேக்கி, மதுரை வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள பாசன நிலங்களுக்கு முறைப்படுத்தி விடுவதற்காகவே வைகை அணை கட்டப்பட்டது. மேலே கம்பமும் கீழே மதுரையும் அந்த நீரால் செழிக்க, இடையில் இருந்த புஞ்சைக் குடிகள் தங்கள் ஊரையே அதற்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. வைரமுத்துவின் நாவல் கலைக்கு இந்த முரண்தான் கரு.

கல்வியும் கவிதையும்

வடுகபட்டியில் பள்ளிக் கல்வி பயின்ற வைரமுத்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழ் மாணவரிடையே பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய காலம் அது. பாரதியார், பாரதிதாசன், கண்ணதாசன் ஆகியோரின் கவிதையும் மேடைத்தமிழின் அடுக்குச்சொற்களும் எதிர்நிலை அமைக்கும் முறையும் இவருடைய நடையில் ஆழப் பதிந்தன. செய்யுளாயினும் உரைநடையாயினும் அச்சாயல் இன்றளவும் மறையவில்லை. கல்வி முடிந்தபின் ஆட்சிமொழி ஆணையத்தில் சட்ட நூல்களைத் தமிழாக்கும் பணியில் சில காலம் இருந்தார்.

முதல் தொகுப்பான ‘வைகறை மேகங்கள்’ இவர் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1972இல், கண்ணதாசனின் அணிந்துரையுடன் வெளிவந்தது. அது யாப்பிலக்கணத்துக்கு உட்பட்ட மரபுக் கவிதை நூல். 1979இல் வெளிவந்த ‘திருத்தி எழுதிய தீர்ப்புகள்’ புதுக்கவிதை, அதாவது யாப்பின் கட்டுப்பாட்டை விட்டுச் சொல்லின் இயல்பான ஓசையை நம்பும் கவிதை. பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தா ‘கண்ணீர்ப் பூக்கள்’ தொகுப்பின் மூலம் அவ்வடிவத்தைக் கல்லூரி மாணவர்களிடையே பரவலாக்கியிருந்த பத்தாண்டு அது. போடிப் பக்கத்து நா. காமராசனும் அப்போது புகழுடன் எழுதிவந்தார். ஒரே வட்டாரத்திலிருந்து புதுக்கவிதைக்கு இத்தனை பேர் வந்தது தற்செயலா என்பது தனி ஆய்வுக்கு உரியது. பின்னாளில் ‘இந்தப் பூக்கள் விற்பனைக்கல்ல’, ‘பெய்யெனப் பெய்யும் மழை’ முதலிய தொகுப்புகளும், 2024இல் ‘மகா கவிதை’ என்னும் நூலும் வெளிவந்தன.

வைரமுத்துவின் கவிதை உரக்கச் சொல்லிக் கேட்பதற்கென்றே எழுதப்பட்டது. அறிவியல் செய்தியை உவமையாக்குதல், ஒரு கருத்தை மூன்று நான்கு இணைவரிகளில் அடுக்கி ஐந்தாவதில் திருப்புதல் ஆகியன இதன் அடையாளங்கள். கவியரங்க மேடையில் இவை கைதட்டல் பெறுகின்றன. தனியே அமர்ந்து படிப்போருக்கு அதே உத்தி சில பக்கங்களில் சலிப்பூட்டுவதும் உண்டு. சிற்றிதழ் சார்ந்த நவீனக் கவிஞர்களும் திறனாய்வாளர்களும் இவரைத் தங்கள் மரபில் சேர்க்கத் தயங்கியதற்கு இதுவே தலையாய காரணம்.

பண்ணைப்புரமும் திரைப்பாடலும்

இவருடைய கவிதைகளைப் படித்திருந்த இயக்குநர் பாரதிராஜா, 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இவரைப் பாடலாசிரியராக அறிமுகப்படுத்தினார். இசை இளையராஜா. அல்லிநகரத்து இயக்குநர், பண்ணைப்புரத்து இசையமைப்பாளர், வடுகபட்டிக் கவிஞர் என மூவரும் இன்றைய தேனி மாவட்டத்தவர்.

உத்தமபாளையம் வட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்துக்கு ஏற்கெனவே ஒரு பாட்டு மரபு இருந்தது. இளையராஜாவின் தமையன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்காகப் பாட்டுக் கட்டியவர். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலை ஏற்றிப் பாடுவது அவருடைய முறை. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரிடையே அவர் பாடியது அவ்வட்டாரத்தில் நெடுநாள் நினைவுகூரப்பட்டது. தம்பியர் அவரோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியமும் தாளமும் பழகினர். பண்ணைப்புரத்தின் சொல் மெட்டோடு கூடிப் பிறந்தது. வைரமுத்துவின் சொல்லோ நூலகத்திலிருந்தும் கவியரங்கிலிருந்தும் வந்தது. இவ்விரண்டும் 1980 முதல் ஆறாண்டுக் காலம் இணைந்து இயங்கியதில், வயற்காட்டு வழக்கும் சங்க இலக்கியச் சாயலும் ஒரே பாட்டில் இடம்பெறும் புதிய திரைமொழி உருவாயிற்று. பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ (1985) அதன் உச்சம். வைரமுத்துவின் முதல் தேசிய விருதும் அப்படத்துக்கே கிடைத்தது. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தை அடுத்து இளையராஜாவும் வைரமுத்துவும் பிரிந்தனர்.

அதன்பின் சில ஆண்டுகள் வாய்ப்புக் குறைந்திருந்த நிலையில், 1992இல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ படத்தில் ஏ. ஆர். ரகுமானின் முதல் திரையிசைக்கு எழுதிய பாடல்கள் இவரை மீண்டும் முன்னணிக்குக் கொண்டுவந்தன. ‘ரோஜா’, ‘கருத்தம்மா’ – ‘பவித்ரா’, ‘சங்கமம்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘தென்மேற்குப் பருவக்காற்று’, ‘தர்மதுரை’ ஆகியவற்றுக்காக அடுத்தடுத்துத் தேசிய விருதுகள் கிடைத்தன. இவருடைய மகன்கள் மதன் கார்க்கியும் கபிலனும் திரைத்துறையில் எழுதி வருகின்றனர்.

நாவல்கள்

வைரமுத்துவின் தொடக்கக் கால நாவல்களில் ‘வில்லோடு வா நிலவே’ சங்க காலப் பின்னணி கொண்டது; ‘வானம் தொட்டுவிடும் தூரம்தான்’ முதலியன காதலை மையமாகக் கொண்டவை. 1990களில் வார இதழ்த் தொடராக வந்த ‘தண்ணீர் தேசம்’, பழுதுபட்ட மீன்பிடி படகில் நடுக்கடலில் தத்தளிக்கும் இளைஞர்களின் கதைக்குள் கடலையும் நீரையும் பற்றிய அறிவியலைப் பொதிந்து தந்தது. இவை பெருந்திரளான வாசகரைப் பெற்றவையாயினும், கதைமாந்தர் யாவரும் ஆசிரியரின் குரலிலேயே பேசுவது இவற்றின் குறை.

இக்குறை ‘கள்ளிக்காட்டு இதிகாசத்தில்’ பெருமளவு நீங்கிவிடுகிறது. ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து 2001இல் நூலான இந்நாவலின் மையம் பேயத்தேவர் என்னும் முதிய புஞ்சை விவசாயி. மனைவியை இழந்தவர், பெற்ற பிள்ளைகளால் சுகப்படாதவர், பேரன் மொக்கராசுவை வளர்த்துக்கொண்டு வானம் பொய்த்த நிலத்தோடு மல்லுக்கட்டுபவர். மழையின்மை, கடன், உறவுப்பகை என ஒவ்வொன்றையும் தாங்கி எழும் அவரை இறுதியில் வீழ்த்துவது வறட்சியன்று, வெள்ளம். காலமெல்லாம் தண்ணீருக்கு ஏங்கிய மண் அணைத் தண்ணீரிலேயே மூழ்கிப்போகும் அந்த முடிவைப் பேயத்தேவரின் உடலுழைப்பு வழியே முன்பக்கங்களில் படிப்படியாகக் கட்டி எழுப்பியிருப்பதால்தான், அது வெறும் செய்தியாக நின்றுவிடாமல் துயரமாகிறது.

உழைப்பை எழுதுவதில் இந்நாவலுக்குத் தனித்திறன் உண்டு. தாத்தாவும் பேரனுமாகக் கிணறு வெட்டும் பகுதியில், மம்பட்டி இறங்குவதும் மண் மாறுவதும் பாறை தட்டுப்படுவதும் வேலை நடக்கும் வேகத்திலேயே சொல்லப்படுகின்றன; அலங்காரம் அங்கே தானாக ஒதுங்கிக்கொள்கிறது. மாடு கன்று ஈனுவது, மருந்துக்குப் பச்சிலை தேடுவது, சாவு வீட்டுச் சடங்கு போன்றவற்றில் பிறமலைக் கள்ளர் உள்ளிட்ட அவ்வட்டாரச் சாதிகளின் வழக்காறுகள் இனவரைவியல் குறிப்புக்கு நிகரான நுணுக்கத்துடன் பதிவாகியுள்ளன. இனவரைவியல் என்பது ஒரு மக்கட்குழுவின் வாழ்க்கை முறையை உடனிருந்து கண்டு விவரிக்கும் துறை. அதே சமயம், ஒரு காட்சியை முடிக்கும்போதெல்லாம் அதற்கொரு பொன்மொழி சூட்டும் கவிஞரின் பழக்கம் இங்கும் முற்றாக விடைபெறவில்லை. அவ்வரிகளை நீக்கிவிட்டுப் படித்தாலும் நாவல் குன்றாது என்பதே அதன் வலிமைக்குச் சான்று.

அணையால் மூழ்கும் ஊர் பிற இந்திய மொழி நாவல்களிலும் பேசப்பட்டதே. இந்தியில் வீரேந்திர ஜெயின் எழுதிய ‘டூப்’, பேத்வா ஆற்று அணைத்திட்டத்தின் நிழலில் வாழும் ஒரு புந்தேல்கண்ட் ஊரைக் களமாகக் கொண்டது. அந்நாவலின் கவனம் அரசுக்கும் ஊருக்கும் இடையிலான உறவில் குவிகிறது. தமிழ் நாவலோ ஒரு கிழவரின் கையிலும் முதுகிலும் கண்வைக்கிறது. அரசின் இழப்பீட்டு முறையையும் திட்டமிடலையும் விரிவாக விசாரிக்காமல் விட்டது கள்ளிக்காட்டு நாவலின் எல்லை என்று கொள்ளலாம்.

அடுத்து வந்த ‘கருவாச்சி காவியம்’, மணமான சில நாளிலேயே பஞ்சாயத்தில் அறுத்துவிடப்பட்ட ஒரு பெண், தன் வயிற்றில் இருந்த பிள்ளையைத் தனியளாய்ப் பெற்று வளர்க்கும் கதை. அறுத்துவிடுதல் என்பது ஊர்ப்பெரியவர் முன்னிலையில் திருமண உறவை முறித்துவிடும் வழக்கம். துணைக்கு ஒருவருமின்றிக் காட்டில் கருவாச்சி பிள்ளை பெறும் அத்தியாயம் தொடர் வெளிவந்தபோதே வாசகரிடையே பெரிதும் பேசப்பட்டது. ‘மூன்றாம் உலகப்போர்’ புவி வெப்பமாதலும் உலகமயமாதலும் சிற்றூர் உழவரை நெருக்குவதைச் சொல்கிறது. உழவர் கருத்தமாயியின் பகுதிகள் உயிர்ப்புடன் அமைய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் பேசும் பகுதிகள் சொற்பொழிவாக நீள்கின்றன. தன் மண்ணை விட்டு விலகும்தோறும் இவருடைய நாவல் தளர்கிறது என்பதற்கு இது போதிய சான்று.

விருதுகளும் சர்ச்சைகளும்

இந்திய அரசு இவருக்கு 2003இல் பத்மஸ்ரீ விருதையும் 2014இல் பத்மபூஷண் விருதையும் வழங்கியது. தமிழ் முன்னோடிகளைப் பற்றிய கட்டுரைகள் 2019இல் ‘தமிழாற்றுப்படை’ என்ற பெயரில் நூலாயின. அவற்றுள் ஆண்டாளைப் பற்றிய கட்டுரை 2018 சனவரியில் இராசபாளையத்தில் உரையாக நிகழ்த்தப்பட்டபோது, அதில் எடுத்தாளப்பட்ட ஒரு மேற்கோளுக்கு வைணவ அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. வைரமுத்து வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், பின்னணிப் பாடகி ஒருவர் உள்ளிட்ட பெண்கள் சிலர் இவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாக முன்வைத்தனர். இவர் அவற்றை மறுத்தார். 2021இல் கேரளத்தின் ஓ.என்.வி. இலக்கிய விருது இவருக்கு அறிவிக்கப்பட்டபோது இக்குற்றச்சாட்டுகளைச் சுட்டி மலையாள எழுத்தாளரும் கலைஞரும் எதிர்ப்புத் தெரிவிக்க, விருதுக்குழு முடிவை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தது. அதையடுத்து விருதை ஏற்பதில்லை என வைரமுத்து தெரிவித்தார்.

‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ இந்தி உள்ளிட்ட பிற இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. இவருடைய நூல்களுள் ஒன்றை மட்டும் படிக்க விரும்புவோர் அதனையே தேர்ந்துகொள்வது தகும்.