சரிவில் உருளும் குண்டு

விளையாட்டுப் பொருள்களுக்கு வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே குறைவு. அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் ஆர்வத்துடன் படிக்கிற நாம், ஒரு குழந்தையின் கையிலிருக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கடையிலிருந்து வந்தது என்பதோடு நமது விசாரணை முடிந்துவிடுகிறது.

'மார்பிள் ரன்' என்ற பெயரில் விற்கப்படும் பொருளை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் ஒரு கோலியை வைத்து விட்டால், அது சரிவான தடங்களில் உருண்டு, வளைந்து, துளைகளில் விழுந்து, கடைசியில் ஒரு கிண்ணத்தில் வந்து சேரும். தமிழில் இதைக் கோலித்தடம் என்று அழைக்கலாம். இந்த எளிய பொருளுக்குப் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, பார்த்து வியப்பதற்காகச் செய்யப்பட்ட தடம். மற்றொன்று, கேள்வி கேட்பதற்காகச் செய்யப்பட்ட தடம். சிறு குழந்தைக்குக் கோலித்தடம் வாங்கவோ செய்யவோ முனைபவர்கள், இவ்விரண்டில் எதைத் தேர்கிறோம் என்று தெரிந்து தேர்வது நல்லது.

அரசவையின் வியப்பு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிராக் நகரிலிருந்து ஆண்ட புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், விந்தைப் பொருள்களைச் சேர்ப்பதில் தீராத பித்துக் கொண்டவர். அவருடைய அவையைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் மார்க்ராஃப் 1596ஆம் ஆண்டளவில், உருளும் குண்டைக் கொண்டு ஓடும் கடிகாரங்களைச் செய்தார். ஊசல் கடிகாரம் அப்போது பிறந்திருக்கவில்லை. அது 1656இல்தான் வந்தது. ஒரு குண்டு சரிவில் இறங்கி முடிக்க ஆகும் நேரத்தையே கால அலகாகக் கொள்வது மார்க்ராஃபின் உத்தி. ஆக்ஸ்பர்க் நகரத்து ஹான்ஸ் ஷ்லாட்ஹைம் 1600ஐ ஒட்டிச் செய்த கோபுரக் கடிகாரம் இன்றும் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபேல் கோபுரத்தை நினைவூட்டும் அதன் சுற்றுப்பாதையில் குண்டு சுற்றிச் சுற்றி இறங்கி ஒரு நிமிடத்தில் அடியை அடையும்.

இந்த மரபின் பிற்கால வாரிசு வில்லியம் காங்கிரீவ். 1808இல் காப்புரிமை பெற்ற அவருடைய கடிகாரத்தில், நெளிநெளியாகத் தடம் வெட்டிய ஒரு தட்டு இருக்கும். குண்டு ஒரு முனையைத் தொட்டதும் தட்டு மறுபக்கம் சாயும். குண்டு திரும்பி ஓடும். இந்தக் காங்கிரீவ் நமக்கு அந்நியர் அல்லர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சென்ற மைசூர் ஏவுகணைகளை அடியொற்றித் தமது ஏவுகணையை உருவாக்கியவர் அவரே. அவருடைய கடிகாரம் காண்பதற்கு அழகானது. நேரம் காட்டுவதில் மோசமானது. தடத்தில் சிறிது தூசி படிந்தாலும் குண்டு தாமதிக்கும். வீட்டிலுள்ள கோலித்தடங்களுக்கும் இந்த நோய் உண்டு. கோலி நின்றுவிடுகிறது என்று குழந்தை வந்து சொன்னால், முதலில் துணியால் தடத்தைத் துடைக்க வேண்டும்.

இக்கடிகாரங்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. செய்தவரைத் தவிர வேறெவரும் தடத்தை மாற்ற முடியாது. பேரரசரே ஆனாலும் பார்வையாளர்தான்.

கலிலியோவின் பலகை

ஷ்லாட்ஹைமின் கோபுரம் உருவான அதே காலத்தில், பதுவா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஒருவரும் குண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தார். கலிலியோவின் கருவியில் அலங்காரம் எதுவும் இல்லை. 1638இல் லெய்டன் நகரில் வெளியான தமது இறுதி நூலில் அவரே அதை விவரிக்கிறார். பன்னிரண்டு முழ நீளமுள்ள மரச்சட்டம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 7 மீட்டர். அதன் விளிம்பில் ஒரு விரல் அகலத்தைவிடச் சற்று அதிகமான காடி. காடி நேராகவும் வழவழப்பாகவும் இழைக்கப்பட்டு, உள்ளே தோல்தாள் ஒட்டப்பட்டிருந்தது. உருட்டியது, கடினமான, நன்றாக உருண்டையான வெண்கலக் குண்டு. பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து, அதை எடைபோட்டு நேரத்தை அளந்தார். நூறு முறை செய்து பார்த்ததாகவும் சொல்கிறார்.

அவர் கண்டது இது: நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. தானாக விழும் பொருள் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் விழுகிறது. சரிவு அந்த வீழ்ச்சியை மெதுவாக்கிக் காட்டுகிறது. இயற்கையிடம் 'சற்று மெல்லச் சொல்' என்று கேட்கும் கருவியாக ஒரு பலகை மாறிய தருணம் அது.

இதை நம்ப மறுத்த அறிஞர்களும் உண்டு. அறிவியல் வரலாற்றாசிரியர் அலெக்சாந்தர் கொய்ரே, இத்தனை எளிய கருவிகளால் அத்தனை துல்லியம் கிட்டாது என்று 1953இல் எழுதினார். கலிலியோ சிந்தனையில் கண்டதைச் சோதனை போல எழுதிவிட்டார் என்பது அவர் தரப்பு. 1961இல் தாமஸ் செட்டில் என்ற இளம் ஆய்வாளர் வேறொரு வழியில் பதில் சொன்னார். மரச்சட்டமும் குண்டும் நீர்ப்பாத்திரமும் கொண்டு அதே சோதனையைச் செய்து பார்த்தார். முடிவுகள் கலிலியோ சொன்னவாறே அமைந்தன.

1970களில் ஸ்டில்மன் டிரேக், ஃப்ளாரன்ஸ் நகர நூலகத்திலுள்ள கலிலியோவின் கையெழுத்துத் தாள்களிடையே ஒரு பட்டியலைக் கவனப்படுத்தினார். 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என எட்டு எண்கள். அருகில் 1, 4, 9, 16 என்று தொடங்கி 64 வரை வர்க்க எண்கள். சம கால இடைவெளிகளில் குண்டு கடந்த தூரங்கள் இவை என்பது டிரேக்கின் வாசிப்பு. காலத்தை எப்படி அவ்வளவு சமமாகப் பிரித்தார்? கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் என்னும் நரம்பிசைக் கருவியின் கலைஞர். லூட் கருவியின் கழுத்தில் மெட்டுகளாக நரம்பைக் கட்டியிருப்பார்கள். அதுபோல் காடியின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றின்மேல் ஏறி இறங்கும் ஒலி தாளத்தோடு ஒத்துவரும்வரை அவற்றை நகர்த்தியிருக்க வேண்டும் என்று டிரேக் ஊகித்தார். இது ஊகம்தான். ஆனால் செய்து பார்க்கக்கூடிய ஊகம்.

துரிங்கியா மலைகள்

அறிஞரின் பலகை குழந்தையின் கைக்கு வருவதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: மலிவான குண்டு, குழந்தையின் விளையாட்டை மதிக்கும் ஒரு பள்ளி. இரண்டும் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில், அருகருகே, ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின.

லவுஷா என்ற சிற்றூரில் 1597 முதல் கண்ணாடிப் பட்டறைகள் இருந்தன. 1846இல் அங்கே எலியாஸ் கிரைனர் ஒருவகைக் கத்தரிக்கோலை உருவாக்கினார். அதன் ஒரு முனையில் கிண்ணம். மறுமுனையில் வெட்டும் அலகு. சூடான கண்ணாடிக் கோலின் நுனியைக் கிண்ணத்தில் இட்டுச் சுழற்றி வெட்டினால் உருண்டை கிடைக்கும். அதுவரை கல்லையும் களிமண்ணையும் உருட்டி ஆடிய குழந்தைகளுக்கு, உள்ளே வண்ணச் சுருள் ஓடும் கண்ணாடிக் கோலி கிடைத்தது. 1905இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் கோலி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ச் சிறுவர்களுக்குக் கண்ணாடிக் கோலி வந்த வழிகளில் ஒன்று சோடா புட்டி. லண்டனில் ஹைரம் காட் 1870களில் உருவாக்கிய அந்தப் புட்டி இங்கே கோலி சோடாவாக நிலைபெற்றது. புட்டி உடைந்தால் கோலி சிறுவனுக்கு.

அதே துரிங்கியாவில் பிறந்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைக்கு அவர் வகுத்த முதல் 'கொடை', வண்ண நூலால் பின்னிய மென்பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும். உருண்டை உருளும், கனசதுரம் நிற்கும், உருளை கிடத்தினால் உருளும், நிறுத்தினால் நிற்கும். இதைக் குழந்தை கையால் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பந்தும் கட்டையும் வைத்துக் குழந்தைகளை விளையாட விடுவதற்கு ஓர் அரசு அஞ்சுமா? பிரஷ்ய அரசு அஞ்சியது. நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புவதாகச் சொல்லி 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. மறு ஆண்டு ஃப்ரோபெல் இறந்தார். தடை நீங்கியது 1860இல்.

கட்டைக்குள் ஒளிந்த பாதை

ஃப்ரோபெலின் உருண்டையும் கனசதுரமும் ஒன்றுசேர்ந்த இடம் சுவிட்சர்லாந்து. 1970களின் நடுவில் மத்தியாஸ் எட்டர், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டை வடிவமைத்தார். பின்னாளில் குபோரோ என்ற பெயரில் புகழ்பெற்றது அது. 5 செ.மீ. பக்கமுள்ள பீச் மரக் கட்டைகள். சிலவற்றின் மேற்புறத்தில் காடி, சிலவற்றின் உள்ளே துளைப்பாதை. கோலி மேலே ஓடி, கட்டைக்குள் மறைந்து, வேறொரு பக்கத்தில் வெளிவரும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் குழந்தை மனத்தால் கண்டாக வேண்டும். 2017இல் ஜப்பானின் ஷோகி ஆட்டத்தில் தொடர்ந்து 29 வெற்றிகள் பெற்ற இளம் வீரர் ஃபுஜீ சோதா சிறுவயதில் இதைக் கொண்டு விளையாடியவர் என்பது தெரியவந்ததும், அந்நாட்டுக் கடைகளில் இக்கட்டைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. கட்டை வாங்கினால் மேதை வருவான் என்று எண்ணிய பெற்றோரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை, நாமும் அப்படித்தான்.

அரசவை மரபும் அழிந்துவிடவில்லை. நியூயார்க்கின் பேருந்து நிலையத்தில் 1983இல் ஜார்ஜ் ரோட்ஸ் நிறுவிய உருளும் பந்துச் சிற்பமும், 2000 கோலிகளால் இசை எழுப்பிய மார்ட்டின் மோலினின் 2016ஆம் ஆண்டுக் காணொளியும் ருடால்ஃபின் கடிகாரங்களுக்கு உறவினர்களே. அவை மகத்தானவை. குழந்தையோடு அமர்ந்து பார்க்கத் தக்கவை. ஆனால் குழந்தையின் அறைக்குள் வரும் தடம் அந்த வகையாக இருந்தால், மூன்றாம் நாள் அது மூலைக்குப் போய்விடும். மின்விசையால் கோலியைத் தானே மேலேற்றிக்கொள்ளும் தடத்தில் குழந்தைக்கு வேலையே இல்லை. நான்கு பாகம்தான் இருந்தாலும், கழற்றி வேறு விதமாகச் சேர்க்க முடிகிற தடமே மேலானது.

குண்டின் அளவு

இங்கே உயிர் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். தொண்டையில் சிக்கும் பொருள்களில் உருண்டை மிகக் கொடியது. கோணலான பொருளின் ஓரத்தில் காற்று நுழைய இடமிருக்கும்; உருண்டை மூச்சுவழியை முழுதாக அடைத்துவிடும். அமெரிக்காவில் 1994இல் இயற்றிய சட்டப்படி, 44.4 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள பந்துகளை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளாக விற்கக் கூடாது. கோலி மட்டுமல்ல, 40 மி.மீ. விட்டமுள்ள மேசைப்பந்தும், 43 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான கோல்ஃப் பந்தும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று; கைவினைஞர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. முத்திரை இருந்தாலும் பெட்டியிலுள்ள வயதுக் குறிப்பைப் படிக்க வேண்டும். மூத்த குழந்தை கோலி ஆடும் வீட்டில் தவழும் குழந்தையும் இருந்தால், ஆட்டம் முடிந்ததும் கோலிகளை எண்ணி வைப்பது அவசியம். காந்தத்தால் ஒட்டும் தடங்களில், ஓடு விரிசல் கண்டால் உடனே அப்புறப்படுத்த வேண்டும். விழுங்கப்பட்ட காந்தங்கள் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

செய்வதென்றால்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, 110 மி.மீ. பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். டென்னிஸ் பந்து அதில் தாராளமாக உருளும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு முனையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால், பந்து மூன்று நான்கு நொடிகளில் இறங்கும். குழந்தை கூடவே நடந்து வர முடியும். அதிகச் சரிவு வேண்டாம். வேகம் கூடினால் குழந்தையின் கண் பின்தங்கிவிடும்.

பெரிய குழந்தைகளுக்கு மூங்கிலைப் பிளந்து உட்கணுக்களைச் செதுக்கி எடுத்தால் நல்ல காடி கிடைக்கும். பனைமட்டையின் உட்பக்கம் இயல்பாகவே குழிந்தது. இரு ஓரத்துக் கருக்கையும் பெரியவர்கள் சீவித் தர வேண்டும். ஒரு தடம் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அடுத்த தடம் தொடங்க வேண்டும். திருப்பங்களில் சுவர் குண்டின் பாதி உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஐந்தாறு வயதுக்கு மேல் டிரேக்கின் ஊகத்தைச் செய்து பார்க்கலாம். நேரான, வழவழப்பான காடியின் குறுக்கே 40, 80, 120, 160 செ.மீ. தொலைவுகளில் மெல்லிய நூலைக் கட்டிக் கோலியை விட்டால், ஒலிகள் வரவர நெருங்கி விரையும். அவற்றைச் சமமாக்க நூல்களை எங்கே நகர்த்துவது என்று குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். கைதட்டி, நகர்த்தி, மறுபடி உருட்டி, அது 10, 40, 90, 160 என்ற இடங்களுக்குப் பக்கத்தில் வந்து சேரும். துல்லியமாக வராது. கலிலியோவின் தாளிலும் 132 வர வேண்டிய இடத்தில் 130தான் இருக்கிறது. சில எண்கள் திருத்தப்பட்டும் இருக்கின்றன.