புதுக்கோட்டை: ரெண்டு சைக்கிள் பயணமும் நடுவில் ஒரு நாளும்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தோம். புனேயில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் பெண்ணும் கடக்வாஸ்லா ஏரி வரைக்கும் சைக்கிள் மிதிப்பது வழக்கம். (தங்கமணி இந்த ஆட்டத்துக்கு வருவதில்லை. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வதோடு சரி.) ஊரிலும் மிதிக்க வேண்டும் என்று பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சின்ன வயதில் மணிக்கணக்குப் போட்டு எடுத்த வாடகை சைக்கிள் கடை இப்போது இல்லை, அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. தம்பி மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் ஒன்று, பக்கத்து வீட்டில் இரவல் ஒன்று. போதுமே.

முதல் பயணம் சித்தன்னவாசல். டவுனிலிருந்து அன்னவாசல் ரோட்டில் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் இருக்கும் வரை சுகம். சமஸ்தான காலத்தில் திவான் சேஷையா சாஸ்திரி நேர்கோடு போட்டு அமைத்த ராஜ வீதிகள், எந்த முனையில் திரும்பினாலும் வழி தப்பாது. அதைத் தாண்டினால் பொட்டல், பாறை, கண்மாய், மறுபடி பொட்டல். எதிர்க்காற்று வேறு. புனே மேடுகளில் ஏறிப் பழகியவன் என்ற என் பெருமையெல்லாம் எட்டாவது கிலோமீட்டரில் போயே போச்சு :-)

அறிவர் கோவில் ஓவியங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தாமரைக் குளம், மீன், வாத்து, பூப் பறிக்கிறவர்கள், தூணில் ஆடும் பெண்கள். நான் சொல்ல வந்தது அங்கே இருக்கும் கல்வெட்டு. மதுரையிலிருந்து வந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர், அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்கிறது அது. நாம் இன்று பார்க்கும் தூண் வைத்த முன்பக்கம் அவர் கட்டியதல்ல. 20ஆம் நூற்றாண்டில் சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரிப்பேர் பார்த்தவர் பேர் ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நிற்கிறது பாருங்கள்.

மேலே ஏழடிப்பட்டத்தில் வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகளையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். வேர்க்கடலை விற்ற அம்மா ஒருவர் என் பெண்ணையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "டவுன்லேருந்தா மிதிச்சு வந்தீங்க? நானும் ஓட்டுவேன் தம்பி. அறிவொளியில கத்துக்கிட்டது."

அறிவொளி என்றால் என்ன என்று பெண் திரும்புகிற வழியெல்லாம் கேட்டாள். எதிர்க்காற்று இல்லாததால் மூச்சு இருந்தது, சொன்னேன்.

1991இல் மாவட்டம் முழுக்க எழுத்தறிவு இயக்கம் ஒன்று தொடங்கியது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிக்காரர்கள் எல்லாம் ராத்திரி விளக்கு வைத்துப் படித்தார்கள். படிப்போடு கூட சைக்கிளும் ஒரு பாடம் ஆனது. காரணம் எளிது. பஸ் வராத கிராமத்தில் தண்ணீருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக ஆம்பளை வந்து ஏற்றிக்கொண்டு போகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்குக்கூட ஏற்பாடு நடந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள். பி. சாய்நாத் தன் புத்தகத்தில் இதற்கென ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததெல்லாம் இதற்குப் பல வருஷம் பிறகு.

"அப்பாயியும் ஓட்டினாங்களா?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தொடை வலி, சைக்கிளுக்கு லீவு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் திருக்கோகர்ணம் போனோம். 1910இல் ஆரம்பித்த மியூசியம், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அம்மன் காசு இருக்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். ஒரு பக்கம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்கில் "விஜய" என்று இருக்கும் குட்டிச் செப்புக்காசு. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு சேர்ந்தது, அம்மா பிறந்தது அதற்கும் பிறகு. ஆனாலும் அவருடைய பாட்டி முந்தானையில் இந்தக் காசு முடிச்சு இருக்குமாம்.

கோவில் மண்டபத்தில் உட்கார்ந்தபோது பெண் நேராகக் கேட்டுவிட்டாள். "அப்பாயி, ஏன் இப்ப ஓட்டுறதில்ல?"

"வயசாச்சுல்ல" என்று அம்மா சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்கப்பன்கிட்ட கேளு" என்றார்.

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். அப்போது நாங்கள் அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம், நான் ஐந்தாம் வகுப்பு. அம்மா அறிவொளித் தொண்டர். அப்பாவின் ஜென்ட்ஸ் சைக்கிளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தோல் உரியப் பழகினார். ஒரு நாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சைக்கிளிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் தூக்குவாளியைக்கூட வாங்கவில்லை. இனிமேல் சைக்கிளில் வராதே, வந்தால் சாப்பிட மாட்டேன் என்று வீட்டில் அழுதேன். மறுநாளிலிருந்து நடந்துதான் வந்தார். ரெண்டு கிலோமீட்டர், உச்சி வெயில்.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மா, "எங்கடா நடந்தேன்?" என்றார். "புளியமரம் வரைக்கும் சைக்கிள்லதான் வருவேன். அங்க சாத்தி வச்சிட்டு, அங்கேருந்து நடந்து வருவேன். நீ பாத்துடக் கூடாதேன்னு."

முப்பது வருஷத்துக்கு மேல் இது எனக்குத் தெரியாது. பெண் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ரெண்டாவது பயணம் நார்த்தாமலை. திருச்சி ரோட்டில் பதினேழு கிலோமீட்டர் போலப் போய் உள்ளே திரும்ப வேண்டும். லாரிகள் அதிகம், பிள்ளைகளோடு போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். சைக்கிளைக் கீழே விட்டுப் பாறையில் ஏறினால் விஜயாலய சோழீச்சுரம். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். இங்கேயும் கல்வெட்டு சொல்வது ரிப்பேர் கதைதான். சாத்தன் பூதி கட்டியது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். பெண் அதைக் கேட்டுவிட்டு, "சைக்கிள் கத்துக்கிட்டவங்க பேரெல்லாம் எங்க எழுதியிருக்கு?" என்றாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பதினொரு மணி. திண்ணையில் இருந்த அம்மா எழுந்து வந்து, பேத்தியின் சைக்கிள் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கு. இதை வச்சிக்கிட்டா இவ்வளவு தூரம் மிதிச்ச? உங்கப்பன் பாக்கலையா?"