ஆரிப் பூவேலை

ஆரிப் பூவேலை என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மீது, கொக்கி நுனி கொண்ட ஊசியால் சங்கிலித் தையல் இட்டு உருவங்களை அமைக்கும் கைவினை ஆகும். பேச்சு வழக்கில் இது ஆரி ஒர்க் என அழைக்கப்படுகிறது. நூலுடன் ஜரிகை, மணி, சமிக்கி, குந்தன் கல் முதலியனவும் வைத்துத் தைக்கப்படும். தமிழ்நாட்டில் இன்று இது பெரும்பாலும் மணப்பெண்ணின் பட்டு இரவிக்கையில் காணப்படுகிறது. சென்னையில் திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை ஆகிய பகுதிகள் இவ்வேலைக்கு அறியப்பட்டவை.

செய்முறை

முதலில் படம் தாளில் வரையப்பட்டு, கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடப்படும். தாளைத் துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் கோடு புள்ளிகளாகத் துணியில் இறங்கும். இரவிக்கைத் துணி வெட்டப்படுவதில்லை. கழுத்து, கை அளவுகள் குறிக்கப்பட்டு, பூவேலை முடிந்த பின்னரே தையற்காரரிடம் செல்லும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் ஊசியைத் துணிக்கு மேலும், நூலை இடக்கையால் துணிக்கு அடியிலும் பிடிப்பார். ஊசி கீழிறங்கியதும் இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டும். ஊசியைச் சற்றுத் திருப்பி மேலே இழுத்தால் ஒரு கண்ணி வரும். அடுத்த குத்து அக்கண்ணிக்குள் விழும். இடக்கை செய்வது கண்ணுக்குத் தெரியாது, விரலின் உணர்விலேயே நடக்கும். கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுவே. கடைசிக் கண்ணிக்கு முடிச்சிடாவிட்டால் முழு வரிசையும் ஒரே இழுப்பில் உருவிவிடும்.

வரலாறு

குசராத்தின் கட்சு பகுதியில் மோச்சி எனப்படும் தோல் தொழிலாளர்கள், தோலைத் தைத்த கொக்கி ஊசியையே துணிக்கும் பயன்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டில் குசராத்தின் சங்கிலித் தையல் துணிகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. 18ஆம் நூற்றாண்டில் இம்முறை பிரான்சில் பரவியது. வட்டச் சட்டம் முரசு போல் இருந்ததால் முரசு எனப் பொருள்படும் தாம்பூர் என்ற பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லுனேவில் நகரில் இதே கொக்கியால் மணி கோக்கும் முறை உருவானது. அங்கு துணியின் பின்புறம் மேல்நோக்கி இருக்கும். மணிகள் அடியில் இருப்பதால் தைப்பவர் அவற்றைக் காண்பதில்லை. இந்திய முறையில் மணி மேற்புறமே இருக்கும்.

பாரிசின் புகழ்பெற்ற பூவேலை நிறுவனமான லெசாழ் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாழ், 1993இல் சென்னையில் வஸ்திரகலா என்ற பட்டறையைத் தொடங்கியது இந்த நெடும்பயணத்தில் குறிப்பிடத்தக்கது. இந்தியாவிலிருந்து போன கொக்கி, பாரிசு வழியாகச் சென்னைக்கு வந்தது எனலாம்.

திருவல்லிக்கேணியில்

1768இல் ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை எழுந்த பின் இப்பகுதியில் உருது பேசும் குடும்பங்கள் பெருகின. 1795இல் வாலாசா பள்ளிவாசல் கட்டப்பட்டது. ஜரிகைக் கம்பியால் செய்யும் சர்தோசி வேலையிலும் ஆரியிலும் இசுலாமியக் கைவினைஞர்களே நெடுங்காலம் முதன்மையாக இருந்துள்ளனர். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நீளச் சட்டம் கிடத்தி, இருபுறமும் மூவர் நால்வர் சம்மணமிட்டு அமர்ந்து தைப்பது வழக்கம். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய வீதிகளின் மணப்பெண்ணுக்குச் சங்கு சக்கரத்தையும் ஆண்டாள் கிளியையும் இவர்கள் தைத்துத் தருவது இங்கு யாருக்கும் வியப்பளிப்பதன்று.

பழைய மயில், மாங்காய், கொடி ஆகியவற்றுடன் இன்று பல்லக்கு, கோபுரம், மணமக்களின் உருவம், பெயர் எழுத்துகள் என வடிவங்கள் விரிந்துள்ளன. பெரும்பாலும் வாடிக்கையாளர் கைபேசியில் காட்டும் படமே மூலமாகிறது. அதைத் துணியின் வளைவுக்கும் நூலின் கனத்துக்கும் ஏற்ப மாற்றி வரைபவரே உண்மையில் வடிவமைப்பாளர். ஆயினும் இரவிக்கையில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை.

கூலியும் போட்டியும்

கூலி உருப்படிக் கணக்கில் தரப்படுகிறது. நெருக்கமான வேலைக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். முகூர்த்த மாதங்களில் இரவு வரை வேலை இருக்கும். ஆடி, மார்கழியில் சட்டம் காலியாகக் கிடக்கும். கண் சோர்வும் முதுகு வலியும் பொதுவானவை. குறுகிய காலப் பயிற்சி பெற்று வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள் பெருகியதால் தொழில் பரவியுள்ளது. கூலிக்கான பேரமும் கூடியுள்ளது.

கணினிப் பூவேலைப் பொறி இதே தோற்றத்தை விரைவில் தருகிறது. வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்க்கலாம்: பின்புறம் ஒட்டுத்தாளும் வேறொரு அடிநூலும் இருந்தால் அது பொறி வேலை. கைவேலையில் ஒரே நூலின் சிறு கோடுகளும், ஆங்காங்கே முடிச்சுகளும் தெரியும். உள்துணி வைத்துத் தைத்த பின் இதைச் சோதிக்க இயலாது.