வேட்டைக்களத்து விருந்து

சிவகாசியிலிருந்து ஓர் இளைஞர் அண்மையில் எம்மைக் காண வந்திருந்தார். பாட்டனார் காலத்துப் பழைய வீட்டை இடித்துக் கட்டுகையில், பரணிலிருந்து ஒரு கத்தியும், சிறுசிறு இரும்புக் கொக்கிகள் கோத்த நீண்ட கம்பி ஒன்றும் கிடைத்தனவாம். கத்தியின் பயன் விளங்கிற்று; கம்பியின் பயன் விளங்கவில்லை. வீட்டின் மூத்த பெண்மணி அதைக் கண்டதும், “மான்கறி காயப் போட்ட கம்பியல்லவா இது!” என்றாராம். இளைஞருக்கோ மனம் கொள்ளவில்லை. “ஹஸ்ரத், எங்கள் பாட்டனார் ஐவேளைத் தொழுகையாளி. அவர் மானை வேட்டையாடி உண்டிருப்பாரா? அது ஆகுமானதுதானா?” என்று வினவினார்.

ஆகுமானதே என்று ஒரு சொல்லில் விடை கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆயினும், அந்தக் கம்பிக்குப் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கிறது. அதனைச் சற்றே விரித்துரைப்பது நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானோம்.

விருதுநகர்ச் சீமையை வானம் பார்த்த கரிசல் பூமி என்றே பலரும் அறிவர். அதன் மேற்கெல்லையில், திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அண்ணாந்து நோக்கும் மலைத்தொடர் இருக்கிறது. மிளாவும் புள்ளிமானும் அங்கே வாழ்வன. தென்பாண்டிச் சமவெளியில் வெளிமானும் திரிந்ததுண்டு. வேட்டை இவ்வட்டாரத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு இங்குள்ள நாய்களே சான்று. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்ட சிப்பிப்பாறை நாய் இப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கன்னி என்னும் இனமும் உண்டு. இவையெல்லாம் வாசலில் படுத்துக் குரைப்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. முயலையும் மானையும் பன்றியையும் ஓடிப் பிடிக்கவே பழக்கப்பட்டவை.

வேட்டைக்களத்தில் நடந்த விருந்து ஒன்றைத் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே பதிந்து வைத்திருக்கிறது. புறநானூற்றின் 150ஆம் பாட்டு அது, பாடியவர் வன்பரணர். மழையில் நனைந்த பருந்தின் சிறகைப் போலக் கிழிந்த உடையோடு, பசியால் தளர்ந்து, ஒரு பலாமரத்தடியில் அவர் அமர்ந்திருக்கிறார். மான்கூட்டத்தை வேட்டையாடிய குருதி காலில் தோய, வில்லேந்திய தலைவன் ஒருவன் அவ்வழி வருகிறான். புலவர் எழ முயல, இரு என்று கையால் அமர்த்துகிறான். காட்டில் வழி பிரிந்த தன் ஏவலிளைஞர் வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. தானே தீக்கடைகோலால் நெருப்பு மூட்டி, கொழுத்த ஊனைச் சுட்டு, சுற்றத்தாரோடு உண்ணுங்கள் என்று கொடுக்கிறான். அவர்கள் உண்டு, அருவி நீரைப் பருகிப் பசி தீர்ந்தார்கள். விடைபெறும் வேளையில் தன் மார்பின் ஆரத்தையும் கையின் கடகத்தையும் கழற்றித் தந்தான். நாடு எது என்று கேட்டார்கள்; சொல்லவில்லை. பேர் என்ன என்று கேட்டார்கள், அதையும் சொல்லவில்லை. அவன் தோட்டிமலைத் தலைவனான நள்ளி என்பதை வழியில் பிறர் வாயால்தான் அறிந்தார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எமக்கு ஹாத்திம் தாயியின் நினைவு வரும். விருந்தோம்பலுக்கு அரபு நாடு அவரைச் சொல்லும். தமிழ்நாடு நள்ளியைச் சொல்லும். அந்த ஹாத்திமின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள்தாம் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டைநாய் பற்றிய சட்டத்தைக் கேட்டு நமக்கு அறிவித்தவர் என்பது நினைந்து மகிழத்தக்கது. பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால், அது பிடித்ததை உண்ணலாம். நாயே அதில் தின்றிருந்தால் கூடாது. அது தனக்காகப் பிடித்ததாகிவிடும். வேறு நாயும் கூடச் சேர்ந்துகொண்டு, எது கொன்றது என்று தெரியாவிட்டாலும் கூடாது. அம்பு பட்ட விலங்கு நீரில் விழுந்து மாண்டிருந்தாலும் கூடாது. அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் இச்சட்டத்துக்கு அடிப்படை. சிப்பிப்பாறை நாயை வளர்த்த நம் முன்னோர், பிடித்ததைத் தின்னாமல் எசமானர் காலடியில் கொண்டுவந்து போடும்படி அதனைப் பழக்கினார்கள் என்றால், அது வேட்டைத்திறன் மட்டுமன்று, சட்டத்தின் தேவையுமாம்.

துப்பாக்கி வந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. குண்டு கூர்மையால் அறுப்பதில்லை, மோதலால் கொல்கிறது என்று ஹனஃபி சட்ட அறிஞர் பலர் கருதினர். ஆகவே சுட்ட விலங்கு உயிரோடிருக்கும்போதே ஓடிச்சென்று பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தாக வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய வேட்டை நூல்களில், துப்பாக்கி வெடித்ததும் கத்தியோடு பாய்ந்தோடும் முஸ்லிம் வேட்டைத்துணைவர்களைக் காணலாம். துரைமாருக்கு அது வேடிக்கை. ஓடியவருக்கோ அன்றைய இரவுச்சோற்றில் கறி உண்டா இல்லையா என்பதே அந்தச் சில நொடிகளில் இருந்தது. பரணில் கிடைத்த கத்தியின் கதையும் இதுவாகவே இருத்தல் கூடும்.

இனிக் கம்பிக்கு வருவோம். ஒரு மிளாவை ஒரே வேளையில் உண்டு தீர்க்க இயலாது. கோடையிலோ இறைச்சி மறுநாள் தங்காது. எனவே ஈரலும் குடலும் அன்றைக்கே அடுப்பேறும். சதையைக் கயிறுபோல் நீள அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் தொங்கவிடுவர். அதுவே உப்புக்கண்டம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. மான்தோல் படுக்கை, கடப்பாறையால் நிலத்தைக் கிளறிச் சேர்த்த புல்லரிசி, நிலத்தில் குழித்த உரல், வாய் உடைந்த பழம்பானை. அதில் சமைத்த சோற்றை வாடிய ஊனோடு தேக்கிலையில் குவித்து வழிப்போக்கருக்கு இடுகிறார்கள். அந்த வாடூன்தான் நம் உப்புக்கண்டத்தின் பாட்டி. ஒரு வேறுபாடு உண்டு: எயினர் வீட்டில் மிளகாய் கிடையாது. அது அமெரிக்க நாட்டுச் செடி. போர்த்துகீசியருக்குப் பின்னரே இங்கு வந்தது. மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. வற்றல் வணிகத்தால் பேர்பெற்ற விருதுநகரில் இருந்துகொண்டு, மிளகாய் இல்லாத உப்புக்கண்டத்தை நினைத்துப் பார்ப்பது கடினந்தான்!

அரபியரும் இவ்வாறே செய்தனர். வெயிலில் உலர்த்திய இறைச்சிக்கு அவர்கள் மொழியில் கதீத் என்று பெயர். பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் அச்சத்தால் நடுங்கிய ஒருவரிடம், தாம் மன்னரல்லர், கதீத் உண்டுவந்த குறைஷிப் பெண் ஒருத்தியின் மகனே என்று கூறி அவரை அமைதிப்படுத்தினார்கள் என்பது ஹதீஸ். துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாள்களை அய்யாமுத் தஷ்ரீக் என்கிறோமே, அப்பெயர்க்கு அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று, குர்பானி இறைச்சியை வெயிலில் விரித்து உலர்த்தும் நாள்கள் என்பதாகும். ஆக, நம் வீட்டு மொட்டைமாடியில் பக்ரீதுக்கு மறுநாள் தொங்கும் உப்புக்கண்டம், எயினர் குடிசைக்கும் மினாப் பள்ளத்தாக்குக்கும் ஒருசேர உறவுடையது.

வேட்டைப் பயணத்து உணவு பற்றி ஹதீஸ் நூல்களில் வரும் காட்சிகள் உயிருள்ளவை. மர்ருழ் ழஹ்ரானில் ஒரு முயலைத் துரத்தி எல்லாரும் களைத்துப்போக, சிறுவர் அனஸ் (ரலி) அதைப் பிடிக்கிறார். அபூதல்ஹா (ரலி) அதை அறுத்துத் தொடைகளை அண்ணலாருக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஹுதைபியாப் பயணத்தில் (ஹிஜ்ரி 6) தோழர்கள் இஹ்ராமில் இருக்கிறார்கள்; அபூகதாதா (ரலி) மட்டும் இல்லை. காட்டுக்கழுதை ஒன்றைக் கண்டு அவர் குதிரையேறுகையில் சாட்டை விழுந்துவிட, எடுத்துக் கொடுக்கக்கூட யாரும் முன்வரவில்லை. அவரே இறங்கி எடுத்துச் சென்று வேட்டையாடி வந்தார். தோழர்கள் உண்டார்கள், உண்டபின் ஐயம் பிறந்தது. நாயகம் (ஸல்) அவர்கள், உங்களில் எவரேனும் அதைச் சுட்டிக்காட்டினீர்களா, உதவினீர்களா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றதும், மீதியை உண்ணச் சொல்லி, தாமும் முன்கால் சப்பையில் சிறிது உண்டார்கள்.

உடும்பு பற்றியும் ஒரு சொல். காலித் பின் வலீத் (ரலி) அண்ணலார் முன்னிலையில் உண்ட ‘ழப்’ என்னும் பிராணியை நம் மொழிபெயர்ப்பாளர் உடும்பு என்றே எழுதிவிட்டனர். பாலைவனத்து ழப் முள்வாலுடையது, பெரும்பாலும் இலைதழை தின்பது. நம் கரிசல்காட்டு உடும்போ முட்டையும் எலியும் பூச்சியும் தின்பது. ஷாஃபிகளுக்கு ழப் ஆகும், ஹனஃபிகளுக்கு வெறுக்கத்தக்கது என்ற வழக்கை உடும்பின்மேல் ஏற்றி இரு தரப்பாரும் வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். பெயர்ப்பிழையால் நடந்த வழக்கு அது.

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தம் 12ஆம் வயது முதல் 50ஆம் வயது வரை தம் முன்னே வீழ்ந்த விலங்குகள் 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். பசிக்கு வேட்டையாடிய நள்ளியின் வரிசையில் இதனை வைக்க எமக்கு மனமில்லை. ஆயினும் அதே நூலில், பிடிபடாமல் ஓடிய ஒரு நீலமானுக்காக அஜ்மீர் காஜா (ரஹ்) அவர்களின் பெயரால் நேர்ந்துகொண்டு, அது கிடைத்ததும் சமைத்து ஏழைகளுக்கு உண்ணக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு சட்டியை நாம் மறுக்கவில்லை.

வேட்டையை ஆகுமாக்கிய மார்க்கமே அதற்கு வேலியும் இட்டது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப்பிராணி வந்து நிற்கும். அதுவே சோதனை என்கிறது அல்மாயிதாவின் 94ஆம் வசனம். இஹ்ராமில் கொன்றால் ஈடு தரவேண்டும். மானுக்கு ஈடாக ஓர் ஆடு என்று உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றை விரட்டமாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி).

விருதுநகருக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் பாடினார். வேடன் அரும்பாடுபட்டுப் பிடித்துக் கட்டிய மான், கன்றுக்குப் பாலூட்டி வர விடைகேட்கிறது. நபிமணி (ஸல்) அவர்கள் தாமே பிணைநிற்கிறார்கள். மான் கன்றோடு திரும்புகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ் ஆய்வாளர் சொல்வதை மாணவர்க்கு நாம் மறைப்பதில்லை. ஆயினும் ‘பிணை’ என்ற தமிழ்ச்சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொறுப்பேற்பு என்றும் இரு பொருள் உண்டென்பதைச் சொல்லாமலும் விடுவதில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்நாட்டில் மான்வேட்டை இன்று குற்றமாகும். திருவில்லிபுத்தூர் மலை 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இன்று அங்கே திருட்டுத்தனமாக விழும் மானின் இறைச்சி, மலிவாகக் கிடைத்தாலும் நம் சட்டியில் ஏறத்தகாது. தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் என்னும் கொடுமையோ அதனினும் கேடு. வாய் சிதறி, நாள்கணக்கில் அலைந்து மாளும் பிராணி, நாட்டுச் சட்டம் இல்லாவிடினும் செத்த பிராணியே. அல்மாயிதாவின் 3ஆம் வசனம் விலக்கிய வகையில் சேரும். வெடிமருந்தால் சோறுண்ணும் வட்டாரத்தில் இதனை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட இளைஞர், பாட்டனார் கத்தியைத் துடைத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கம்பியை என்ன செய்வது என்று கேட்டார். துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி வைக்கச் சொன்னோம். பக்ரீதுக்கு அவர்கள் வீட்டில் இரண்டு ஆடு கொடுப்பது வழக்கமாம். கொக்கிகள் போதுமா என்று எண்ணிப் பார்ப்பதாகக் கூறி விடைபெற்றார்.